பம்ப்பை மாற்றினால் மட்டும் போதாது

"நாலு போல்ட், ஒரு பெல்ட். பவர் ஸ்டீயரிங் பம்ப்பை வீட்டிலேயே மாற்றிவிடலாம்" என்கிறார் நண்பர். போல்ட் கழற்றுவது எளிதுதான். ஆனால் பல பம்ப்களில் புல்லி தண்டோடு இறுக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அதைக் கழற்றிப் பொருத்தும் கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டி ஏற்றினால் புது பம்ப்பின் பேரிங்கே போய்விடும். அதைவிட முக்கியம் பழைய ஆயில். தேய்ந்த பம்ப் உதிர்த்த உலோகத் துகள்கள் அதில்தான் கிடக்கின்றன. டேங்க்கையும் குழாய்களையும் கழுவாமல் பூட்டினால் புதியதையும் அவை அரித்துவிடும். பிறகு முன்சக்கரங்களைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தபடியே ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இதைப் பற்றி அவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. காற்று தங்கினால் ஆயில் நுரைக்கும், பம்ப் முனகும். வீட்டில் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.