காப்பிச் செடிக்கும் வரவு செலவு உண்டு

இயற்கை வழிக்கு மாறினால் காப்பி விளைச்சல் பாதியாகிவிடும் என்று ஒரு சாரார் பயமுறுத்துகிறார்கள். ஜீவாமிர்தம் விட்டால் போதும், மீதியை மண்ணே பார்த்துக்கொள்ளும் என்று நம் ஆட்களிலேயே சிலர் தைரியம் சொல்கிறார்கள். பேனாவும் தாளும் எடுத்து உட்கார்ந்தால் இரண்டு பேச்சும் நிற்காது.

ஒரு டன் சுத்தக் காப்பிக்கொட்டை தோட்டத்தை விட்டுப் போகும்போது, கூடவே சுமார் 35 கிலோ தழைச்சத்தும் 40 கிலோ அளவுக்குச் சாம்பல்சத்தும் போகின்றன. ஏக்கருக்கு 400 கிலோ எடுப்பவர் வருஷத்துக்கு 14 கிலோ தழைச்சத்தை வெளியே அனுப்புகிறார். 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு, 2 கிலோ வெல்லம். எல்லாம் சேர்த்துத் தழைச்சத்து 200 கிராம் தேறும். மாதம் ஒரு தடவை விட்டாலும் வருஷத்துக்கு இரண்டரை கிலோதான். 14 செலவு, இரண்டரை வரவு. எந்தக் கணக்கும் இப்படி ரொம்ப நாள் ஓடாது.

ஜீவாமிர்தத்தைக் குறை சொல்லவில்லை. அது உறைமோர். பாலே இல்லாத பானையில் உறை ஊற்றினால் தயிர் வருமா? பால் எது என்றால் மட்கும் இலைதழையும் சாணமும்தான்.

அந்தப் பாலுக்குக் காப்பித் தோட்டத்திலேயே வழி இருக்கு. நிழலுக்குக் கல்யாண முருங்கை வைத்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும். வருஷா வருஷம் கவாத்து செய்து அந்தத் தழையை மூடாக்காகப் போடலாம். மரத்துக்கு விலை கிடைக்குமென்று சில்வர் ஓக் மட்டும் நிறைத்தவர்களுக்கு இந்த வரவு கிடையாது. இன்னொன்று பழத்தோல். ஐந்தாறு கிலோ பழத்திலிருந்துதான் ஒரு கிலோ கொட்டை. பழத்தின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு தோலும் சதையும். சாம்பல்சத்து அதில் நிறைய. பழமாகவே வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுத்தால் அது அவர் லாரியில் ஏறிவிடுகிறது. நாமே தோலுரித்தால் மட்க வைத்துச் செடிக்கே திருப்பலாம். அதை ஓடையில் மட்டும் விடக் கூடாது, தண்ணீர் கெட்டுப்போகும்.

விளைச்சல் குறைய இரண்டாவது காரணம் பராமரிப்பு. நிழல் குறைந்தால் அராபிகாவில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் ஏறும். நிழல் கூடினால் பூ குறையும், ஈரம் தங்கி நோய் வரும். காய்த்துளைப்பான் இந்தியாவில் முதலில் தென்பட்டது 1990-இல், நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம். அறுவடை முடிந்ததும் செடியிலும் தரையிலும் ஒரு காய் விடாமல் பொறுக்குவதுதான் அதற்கு முதல் மருந்து. பெவேரியா பூஞ்சாணம் துணைக்குத்தான். எந்தக் கரைசலும் இந்த ஆள் வேலைக்கு ஈடாகாது. ‘ஒன்றும் செய்யாத விவசாயம்’ என்று நினைத்துக் காப்பிக்கு வருபவர்கள் இதை யோசிக்கணும்.

சரி, இவ்வளவும் செய்தால் ரசாயனத் தோட்டத்துக்கு நிகராக எடுக்க முடியுமா? காப்பியை மட்டும் எடை போட்டால், முடியாது என்றுதான் பல இடங்களில் பதில் வரும். வியட்நாமில் ரொபஸ்டா ஹெக்டேருக்கு இரண்டரை டன் விளைகிறது. நம் சராசரி ஒரு டன்னை ஒட்டித்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் வெட்டவெளிச் சாகுபடி, நிறைய உரம், கிணற்றுத் தண்ணீர். 2016 வறட்சியில் அவர்கள் மேட்டுநிலத் தோட்டங்கள் பட்ட பாட்டை உலகமே பார்த்தது. நம் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஒரே நிலத்தில் காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை நிற்கிறது. அந்த ஏக்கரின் மொத்த வருமானத்தைக் கூட்டாமல் கொட்டையை மட்டும் நிறுத்துப் பார்ப்பது நியாயமா? வங்கிக் கடனும் ஒரு பயிரை வைத்தே அளக்கப்படுகிறது. முப்பது வருஷம் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன், அந்த அளவுகோலை மாற்றச் சொல்லி நாம் கேட்டாக வேண்டும்.

ஒற்றைப் பயிர் என்ன செய்யும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. அசம்பு மலையில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பி போட்டார்கள். 1869-இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் அந்த நாட்டின் காப்பியையே அழித்து, தோட்டங்களைத் தேயிலைக்கு மாற்றியது. தென்னிந்திய மலைகளையும் அது விடவில்லை. இன்று விளவங்கோடு, கல்குளம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர். விலை விழுந்தால் வீடே விழுகிறது. வெட்டுக்கு வந்த ரப்பருக்கு இடையிலும், தென்னை விளையிலும் ரொபஸ்டாவும் நல்லமிளகும் வைத்துப் பார்க்கலாம். நிழலைத் தாங்கும் பயிர், நமக்கோ இரண்டு பருவமழை.

ஆனால் சான்றிதழுக்கு மாறுகாலம் மூன்று வருஷம். விளைச்சல் இறங்கும், கூடுதல் விலையும் கிடைக்காது. சிறு விவசாயி திரும்பி ஓடுவது அங்கேதான். அந்த மூன்று வருஷத்துக்குத் தவணை தள்ளிய கடன் கொடுக்கச் சொல்லி வங்கிகளிடமும் காப்பி வாரியத்திடமும் இயக்கம் பேச வேண்டும்.

பேசப் போகும்போது கையில் கணக்கு வேண்டும். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்க: நிலத்தை விட்டுப் போனது, நிலத்துக்குத் திரும்பியது, எல்லாப் பயிரும் சேர்ந்து ஏக்கருக்கு வந்தது. பத்துப் பேர் மூன்று வருஷம் ஒழுங்காக எழுதினால், ‘விளைச்சல் குறையும்’ என்பவருக்கும் ‘தானே விளையும்’ என்பவருக்கும் அதுவே பதில்.