திரையில் ஓடும் வரலாறு

பிரெஞ்சுப் புரட்சியையும் உலகப் போர்களையும் பத்து, பன்னிரண்டு நிமிட இணையக் காணொளிகளின் துணையோடு வகுப்பறையில் கற்பிக்கும் முறை பரவி வருகிறது. ஆண்டுகளையும் உடன்படிக்கைகளையும் மனப்பாடம் செய்தே வரலாற்றை வெறுத்துப்போன மாணவர்களுக்கு, எல்லைகள் மாறுவதை நகரும் வரைபடத்தில் காண்பது பயனுள்ளது என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது.

2024-25-ஆம் கல்வியாண்டிலும் நாட்டின் பள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இணைய வசதி இல்லை என்பது மத்திய அரசின் புள்ளிவிவரம். அது நிதி ஒதுக்கினால் தீரக்கூடிய குறை. திரையில் காட்டப்படுவது யாருடைய வரலாறு என்பதுதான் கடினமான கேள்வி.

பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி, பதினோராம் வகுப்பு உலக வரலாற்று நூலிலிருந்து தொழிற்புரட்சி உள்ளிட்ட அத்தியாயங்களை 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. நீக்கியது. ஆர்வமுள்ள மாணவர் அந்த இடைவெளியை இணையத்தில்தான் நிரப்பிக்கொள்வார். அங்கே எளிதில் கிடைப்பவை, 2012-ல் அமெரிக்காவில் ஜான் கிரீன் தொடங்கிய 'கிராஷ் கோர்ஸ்' போன்ற ஆங்கிலத் தொடர்கள். அவற்றின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால், மேலை நாட்டுப் பார்வையாளர்களை மனதில் கொண்டு சுருக்கப்படும் இரண்டாம் உலகப் போரில் நார்மண்டி இடம்பெறும். அதே 1944-ல் இம்பாலிலும் கோஹிமாவிலும் நடந்த போர் விடுபட்டுப் போகும். சுமார் 25 லட்சம் இந்தியர்கள் அந்தப் போரில் பணியாற்றியதும், 1943 வங்கப் பஞ்சமும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடங்குவது அரிது.

நாஜிகள் பற்றிய ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில், 'நித்திய யூதன்' என்ற திரைப்படம் யூத வெறுப்பை விதைக்கப் பயன்பட்ட விதத்தை இதே என்.சி.இ.ஆர்.டி. எடுத்துக்காட்டியது. திரைப்படம் எப்படி ஆயுதமாகும் என்று படித்த மாணவரிடமே ஒரு காணொளியைக் காட்டி, அதைத் தயாரித்தவர் யார், எதை விட்டுவிட்டார் என்று கேட்காமல் நகர்வது விசித்திரம். கேட்பதற்கு ஆசிரியர் வேண்டும்! வரலாற்று ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ள பள்ளியில் காணொளியே ஆசிரியராகிவிடும்.

2017-ல் தொடங்கப்பட்ட 'திக்ஷா' தளம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. மூல ஆவணங்களையும் பழைய நிழற்படங்களையும் கொண்டு, இந்திய மொழிகள் அனைத்திலும் உலக வரலாற்றுக் குறும்படங்களை அதில் வெளியிடலாம். ஒரே நிகழ்வை இரு நாடுகளின் கோணத்தில் சொல்லும் இரண்டு காணொளிகளை அடுத்தடுத்துக் காட்டி விவாதிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். நீக்கிய அத்தியாயங்களிலிருந்தே அந்தப் பணியைத் தொடங்கலாம்.