கைக்கு எட்டாத பாடம்

பக்கவாத சிகிச்சையில் அறிவியல் ஓடிக்கொண்டிருக்கிறது. தெருமுனை பிசியோதெரபிஸ்ட் அதைத் துரத்திப் பிடிக்க யார் உதவுவது?

நீலசந்திராவிலிருந்து நிம்ஹான்ஸ் கூப்பிடு தூரம்தான். சிக்னல்கள் மனது வைத்தால் ஆட்டோவில் சீக்கிரமே ஓசூர் சாலையை எட்டிவிடலாம். பழைய மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிலையமும் இணைந்து 1974-ல் உருவான இந்த நிறுவனத்தில் நரம்பியல் மறுவாழ்வுக்கென்றே தனித் துறை இருக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். தமிழ்க் குரல் ஓயாமல் கேட்கும் நீலசந்திரா, விவேக்நகர், ஆஸ்டின் டவுன் பகுதிகளின் குடும்பங்களுக்கு இது பெரிய பாக்கியம்.

ஆனால் பக்கவாதம் தாக்கியவர் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட முடியாது. சில நாட்களிலோ சில வாரங்களிலோ டிஸ்சார்ஜ். அதன் பிறகு குறுகலான மாடிப்படி, ஒற்றை அறை, சுவரோரம் கட்டில். அவருடைய விழுந்துபோன கையும் காலும் இனி தெருமுனை கிளினிக்கின் பிசியோதெரபிஸ்ட் பொறுப்பு. அல்லது ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் சிகிச்சை தருபவரின் பொறுப்பு. மூளை மிக வேகமாக மீள்வது முதல் சில மாதங்களில்தான். அந்த மாதங்கள் முழுக்க அவர் கையில்.

அவர் கடைசியாகப் புதிதாக எதையாவது கற்றுக்கொண்டது எப்போது? இந்தக் கேள்வியை நோயாளி கேட்பதில்லை. அதிகாரத்தோடு கேட்கக்கூடிய தேசிய அமைப்பு எதுவும் நெடுங்காலம் இருக்கவில்லை.

கயிறும் கப்பியும்

பிசியோதெரபி கிளினிக்குகளில் பரிச்சயமான காட்சி ஒன்று: உத்தரத்திலிருந்து தொங்கும் கயிறும் கப்பியும். நல்ல கையால் கயிற்றை இழுத்தால் செயலிழந்த கை தலைக்கு மேலே உயரும். பார்ப்பதற்கு நல்ல பயிற்சிதான். ஆனால் பக்கவாதத்தில் தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்திருக்கும். அந்த நிலையில் கையை மேலே இழுத்தால் எலும்புகளுக்கிடையே மென்திசு நசுங்கும். 1990-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 28 நோயாளிகளை மூன்று பிரிவாக்கிப் பார்த்தது. கப்பியில் பயிற்சி செய்தவர்களில் 62 சதவீதம் பேருக்குத் தோள்வலி வந்தது. சிகிச்சையாளரே கையைப் பிடித்து அசைத்துப் பயிற்சி தந்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு மட்டுமே வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இதைப் படித்தவர் கயிற்றை எடுத்துக்கொடுக்குமுன் ஒருமுறை யோசிப்பார். படிக்காதவருக்கு, கல்லூரியில் பார்த்த கயிறு ஓய்வுபெறும் வரை கயிறுதான்.

கண்டுபிடிப்புகள் அங்கேயே நிற்கவில்லை. செயலிழந்த கைக்கு எவ்வளவு பயிற்சி தேவை என்பதும் மறுபரிசீலனைக்கு வந்தது. விலங்குகளின் மூளையில் மாற்றம் காண ஆய்வாளர்கள் தினமும் நூற்றுக்கணக்கான முறை ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 சிகிச்சை அமர்வுகளைக் கூடவே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது (2009) பயனுள்ள கை அசைவுகள் ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 மட்டுமே. வசதி மிகுந்த நாடுகளின் கதையே இது. அரை மணி நேர வருகையில் பாதியைக் 'கரண்ட் வைப்பதற்கே' கொடுத்துவிடும் சிகிச்சையில் கணக்கு என்னவாகும்?

நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையையே வேலை செய்ய வைக்கும் முறைக்கு 2006-ல் வலுவான சான்று கிடைத்தது. 222 நோயாளிகள், இரண்டு வாரத் தீவிரப் பயிற்சி. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இது பொருந்தும். அசைவே இல்லாத கைக்கு இதைச் செய்தால் நோயாளிக்கு மிஞ்சுவது ஏமாற்றம். முறையைத் தெரிந்துகொள்வது பாதிக் கல்வி. யாருக்கு அது ஆகாது என்று தெரிந்துகொள்வது மீதி.

சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது எப்போதும் நல்லது என்ற நம்பிக்கைக்கும் அடி விழுந்தது. ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த சோதனை 2015-ல் வெளியானது. முதல் 24 மணி நேரத்திலேயே அடிக்கடி, அதிகமாக எழுப்பப்பட்டவர்கள் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள்.

கண்ணாடிக்குச் செலவில்லை

புதியது என்றாலே விலை உயர்ந்த இயந்திரம் என்று நினைக்க வேண்டியதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் அமெரிக்காவில் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியை வைத்து, வெட்டப்பட்ட கையில் தோன்றும் மாய வலியை ஆராய்ந்தார். அதே கண்ணாடி பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. நல்ல கையின் பிம்பம், செயலிழந்த கை அசைவதைப் போல மூளைக்குத் தோற்றம் தருகிறது. 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ன் மதிப்பீடு, இந்தப் பயிற்சி கை கால் இயக்கத்துக்கு உதவுகிறது என்றது. நீலசந்திராவின் எந்தக் கடையிலும் கண்ணாடி கிடைக்கும். எத்தனை நிமிடம், எந்த அசைவு, எந்த நோயாளி என்பது மட்டும் கடையில் கிடைக்காது.

அதைத் தேடிப் போகும் பிசியோதெரபிஸ்டை வரவேற்பது வார இறுதிப் பயிலரங்குச் சந்தை. ஓட்டல் அரங்கம், புகழ்பெற்ற முறையின் பெயர், முடிவில் சட்டம் போட்டு மாட்டக்கூடிய சான்றிதழ். கட்டணம் கைக்குக் கிடைக்கும் சம்பளத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். கிளினிக்கை மூடினால் அன்றைய வருமானமும் போச்சு. ஆகவே செலவழித்தவர் கற்ற முறையையே எல்லா நோயாளிக்கும் பயன்படுத்தப் பார்க்கிறார். போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே.

இங்கேதான் சிக்கல். லண்டனில் பெர்தா, காரல் போபாத் தம்பதியர் உருவாக்கிய முறை முதற்கொண்டு ஒவ்வொரு முறைக்கும் விசுவாசிகள் உண்டு. ஆனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அடங்கிய ஆய்வுகளைத் தொகுத்த 2014-ன் மதிப்பீடு, எந்த ஒரு முறையும் மற்றதைவிட உயர்ந்தது என்று சொல்ல முடியாது என்றே முடித்தது. பயிற்சி பயன் தருகிறது. அதன் பெயர்ப்பலகை அல்ல. பெயர்ப்பலகையை விற்கும் வகுப்புகளில் இந்தப் பாடத்தை எதிர்பார்ப்பது கஷ்டம்.

பதிவேடு போதுமா?

டாக்டர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி பெற வேண்டும் என்று 2002-லேயே மருத்துவ கவுன்சிலின் நடத்தை விதிகள் கூறின. 1992-ன் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில், பேச்சுப் பயிற்சியாளர்கள், சிறப்பு ஆசிரியர்கள் போன்றோரின் பதிவைப் புதுப்பிக்கத் தொடர் கல்விப் புள்ளிகளைக் கேட்கிறது. மறுவாழ்வின் முதுகெலும்பான பிசியோதெரபிஸ்டுகள் அதன் பட்டியலில் இல்லை. டெல்லி, மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்கள் மட்டும் தனிச் சட்டம் இயற்றின. நாடு முழுவதற்குமான சட்டம் 2021-ல்தான் வந்தது: துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். பிசியோதெரபியும் அதில் அடக்கம்.

பதிவேடு அவசியம். போலிகளை வடிகட்ட அது உதவும். ஆனால் அது வாசல்தான். உள்ளே வந்தவர் இருபது வருடம் கழித்து என்ன செய்கிறார் என்பதை அது சொல்லாது. புள்ளிகளைக் கட்டாயமாக்கினால் மட்டும் போதாது. அரங்கில் தூங்கியவருக்கும் விழித்திருந்தவருக்கும் ஒரே புள்ளி என்பது டாக்டர்கள் தந்த அனுபவம்.

வேறு வழி பெங்களூரிலேயே கண்ணெதிரில் இருக்கிறது. மனநலம், போதைப் பழக்கம் ஆகிய துறைகளில் நிம்ஹான்ஸ் தொலைவிலுள்ள மருத்துவப் பணியாளர்களைக் காணொலியில் இணைத்து, அவர்களுடைய சொந்த நோயாளிகளைப் பற்றியே விவாதித்துப் பயிற்சி தருகிறது. கர்நாடக அரசோடு சேர்ந்து 2022-ல் தொடங்கிய மூளை ஆரோக்கியத் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கு வலிப்பு, பக்கவாதம், தலைவலி, மறதி நோய் பற்றிக் கற்றுத்தரப்படுகிறது. தெருமுனை பிசியோதெரபிஸ்டையும் அந்தத் திரைக்கு முன் உட்காரவைப்பதற்குப் புது விஞ்ஞானம் தேவையில்லை. வாரம் ஒரு மணி நேரம், ஒரு போன், தன் நோயாளியின் தோளைப் பற்றிக் கூச்சப்படாமல் கேட்கும் துணிவு. அது போதும்.

குடும்பத்தாரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது மாற்று ஆகாது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்று 14 இந்திய மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017-ல் வெளியானது. உறவினருக்குப் பயிற்சி தந்து வீட்டிலேயே சிகிச்சை செய்யவைத்தார்கள். ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறர் உதவியின்றி இயங்க முடியாதவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதம். மனைவியின் அக்கறைக்கும் மகளின் பொறுமைக்கும் குறைவில்லை. ஆனால் அவை தேர்ந்த கைகளின் இடத்தை நிரப்பவில்லை.

ஆகவே அந்தக் கைகளை யார் பழக்குவது என்பதே கேள்வி. அரசும் ஆணையமும் பதில் தேடும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம் மூன்று விஷயங்களைக் கேட்கலாம்: இந்தப் பயிற்சி எதற்காக, தினமும் எத்தனை முறை, பலன் தருகிறதா என்று எப்படி அளப்பது? நல்லவர் இதற்குக் கோபப்பட மாட்டார். பதில் தெரியாவிட்டால் அன்று இரவே தேடிப் படிப்பார். தொடர் கல்வி என்பது அங்கேயே தொடங்கிவிடுகிறது.