மார்ச் 31-க்குப் பிறகு வரும் வவுச்சர்

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு புலம்பல் கட்டாயம் கேட்கும். "வழு இருக்குன்னு சொல்லியாச்சு. சரி பண்ணின நிரலும் ரெடியா இருக்கு. ஆனா இப்ப ஃப்ரீஸாம், உள்ளே சேர்க்க மாட்டாங்களாம். அடுத்த வெளியீடு வரைக்கும் காத்துக் கிடக்கணும். இது என்ன தாலுகா ஆபீஸா?"

இந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதி நியாயம் தான். மீதிப் பாதியைச் சொல்வதற்குத் தான் இந்தப் பதிவு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். பி.காம். படிப்பவர்களுக்கு இன்னும் சுலபமாகவே புரியும் :-)

முதலில் ஃப்ரீஸ் என்றால் என்ன? டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்கள் ஆயிரக்கணக்கான மென்பொருள் பொதிகளை ஒன்றாகக் கட்டித் தருபவை. ஒவ்வொரு பொதியையும் உலகின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் தினமும் மாற்றிக் கொண்டே இருப்பார். இந்த ஓட்டத்தை எங்காவது ஒரு நாள் நிறுத்தினால் தான் "இது தான் இந்தப் பதிப்பு" என்று சொல்லி வெளியிட முடியும். அந்த நிறுத்தம் தான் ஃப்ரீஸ்.

டெபியனில் புதிதாக வரும் பொதி முதலில் அன்ஸ்டேபிள் கிளைக்குப் போகும். சில நாட்கள் பெரிய புகார் எதுவும் வராவிட்டால் டெஸ்டிங் கிளைக்குத் தானாக நகரும். அந்த டெஸ்டிங் தான் ஒரு நாள் ஸ்டேபிள் என்ற பெயரில் வெளியாகும். ஃப்ரீஸ் காலத்தில் டெஸ்டிங்கின் வாசல் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துகிறார்கள். டெபியன் 13-க்கு இது நடந்த விதத்தைப் பாருங்கள். 2025 மார்ச் 15-ல் கம்பைலர் போன்ற அடித்தளப் பொதிகளில் பெரிய மாற்றங்கள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 15-க்குப் பிறகு புதுப் பொதிகளுக்கு இடமில்லை, சிறு திருத்தங்கள் மட்டும். மே 15-க்குப் பிறகு முக்கியமான பொதிகளில் எந்த மாற்றம் என்றாலும் வெளியீட்டுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் கண்ணால் பார்த்து அனுமதிக்க வேண்டும். ஜூலை 27-க்குப் பிறகு எல்லாப் பொதிகளுக்கும் அதே விதி. ஆகஸ்ட் 9-ல் வெளியீடு.

அதாவது கதவு ஒரே நாளில் படார் என்று சாத்தப்படவில்லை. ஐந்து மாதம் எடுத்துக் கொண்டு, தேதி சொல்லி, படிப்படியாகச் சாத்தப்பட்டது. கடைசி நாள் வரை கூட அது முழுசாகப் பூட்டப்படவில்லை, தட்டினால் திறப்பார்கள். எப்படித் தட்டுவது என்பதில் தான் விஷயமே இருக்கிறது.

கணக்குப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்பவரின் கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது. ஏப்ரல் 20-ல் அவர் ஒரு வவுச்சரோடு வந்து "இதையும் போன வருஷத்துல சேர்த்துடுங்க" என்றால் கணக்காளர் என்ன செய்வார்? உடனே சேர்க்கவும் மாட்டார், உடனே துரத்தவும் மாட்டார். ஒரு கேள்வி கேட்பார்: இந்தச் சங்கதி மார்ச் 31-லேயே இருந்ததா, அதற்குப் பிறகு முளைத்ததா?

கணக்குத் தர நிர்ணயம் 4 சொல்வதும் இது தான். பணம் தர வேண்டிய ஒருவர் மார்ச்சிலேயே தள்ளாடிக் கொண்டிருந்து ஏப்ரலில் திவாலானால், அந்த நஷ்டத்தைப் பழைய கணக்கில் சரி செய்ய வேண்டும். ஏப்ரலில் குடோன் தீப்பிடித்தால் அது புது நிகழ்வு, பழைய கணக்கில் கை வைக்கக் கூடாது. ஃப்ரீஸில் கேட்கும் கேள்வியும் கிட்டத்தட்ட இதே தான். ஏற்கெனவே உள்ளே இருக்கும் பொதியில் உள்ள தவறைச் சரி செய்கிறாயா, அல்லது அந்தச் சாக்கில் புதுச் சரக்கை உள்ளே தள்ளுகிறாயா?

அதனால் தான் டெபியனில் அனுமதி கேட்பவர் பழைய பொதிக்கும் புதிய பொதிக்கும் உள்ள வித்தியாசத்தை வரி வரியாக இணைத்து அனுப்ப வேண்டும். எந்த வழு, அது யாரைப் பாதிக்கிறது, என்ன சோதனை செய்யப்பட்டது, தவறிப் போனால் எது உடையும் என்பதையும் எழுத வேண்டும். பத்து வரித் திருத்தம் என்றால் படித்துப் பார்த்து விடுவார்கள். "புது பதிப்பு வந்திருக்கு, அதுல இந்த வழுவும் சரியாயிருக்கு" என்று நாலாயிரம் வரி மாற்றத்தை நீட்டினால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "இல்லை" தான். உபுண்டுவில் வெளியீட்டுக்குப் பிறகு திருத்தம் அனுப்புவதற்கும் இதே மாதிரி விதி. பாதிப்பு, சோதனை முறை, எங்கே பிரச்சினை வரலாம் என்ற மூன்றையும் எழுதி, குறைந்தது 7 நாள் தனிக் கிடங்கில் சோதனைக்கு வைத்து, சரிபார்த்த பிறகு தான் பயனர்களுக்குப் போகும். வவுச்சர் இல்லாத என்ட்ரியை எந்த ஆடிட்டர் ஒப்புக் கொள்வார்?

"ஒரு சின்னத் திருத்தத்துக்கு இவ்வளவு கெடுபிடியா?" என்று கேட்பவர்கள் 2024 மார்ச் மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்-இஸட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதில் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளராகவும் ஆனார். பிறகு 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் ஒரு திருட்டுக் கதவை ஒளித்து வைத்தார். அது வேலை செய்தால் தொலைவிலிருந்தே சர்வர்களுக்குள் நுழைந்து விடலாம்.

கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம். உபுண்டு 24.04-க்கு ஃப்ரீஸ் நடந்து கொண்டிருந்த நேரம், பீட்டா வெளியாக ஒரு வாரம் தான் பாக்கி. மார்ச் 28-ல் அதே ஜியா டான், 5.6.1-ஐ உபுண்டுவில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் போட்டார். காரணம்? வழுத் திருத்தம்! வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி காட்டும் எச்சரிக்கைகள் இதில் சரியாகி விட்டதாம். டெபியனிலும் அதே வாரத்தில் இன்னொரு பெயரில் அதே அவசரம். அடுத்த நாளே, மார்ச் 29-ல், ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் குட்டை உடைத்து விட்டார். தன் கணினியில் உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்தவர் அவர்.

டெபியன் ஸ்டேபிளில் அந்தப் பதிப்பு நுழையவே இல்லை. உபுண்டுவில் முன்மொழிவுக் கிடங்கோடு நின்று போனது. இருந்தாலும் உபுண்டுக்காரர்கள் பிப்ரவரி 26-க்குப் பிறகு கட்டிய அத்தனை பொதிகளையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கட்டினார்கள். ஏப்ரல் 4-ல் வர வேண்டிய பீட்டா 11-ம் தேதிக்குத் தள்ளிப் போனது. அதே சமயம் ஃப்ரீஸே இல்லாமல் உருண்டு கொண்டே இருக்கும் ஆர்ச் லினக்ஸ், ஓப்பன்சுசே டம்பிள்வீட் இரண்டிலும் அந்தப் பதிப்பு பயனர்கள் கைக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். திருட்டுக் கதவைக் கண்டுபிடித்தது ஃப்ரீஸ் அல்ல, ஒரு மனிதரின் சந்தேகம். ஃப்ரீஸ் தாமதப்படுத்தியது, அவ்வளவு தான். ஆனால் அந்தத் தாமதம் இல்லாவிட்டால் கண்டுபிடிப்பு வரும்போது பாதிப் படம் முடிந்திருக்கும்.

தாமதம் மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்கும் ஒரு பழைய சாட்சி உண்டு. 2006-ல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அங்கேயும் காரணம் வால்கிரைண்ட் காட்டிய எச்சரிக்கை தான். செய்தவரிடம் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வரி போனதால், பாதுகாப்புச் சாவிகளை உருவாக்கும்போது எண்ணவே முடியாத அளவுக்கு இருக்க வேண்டிய வகைகள், ஒவ்வொரு அளவுச் சாவிக்கும் சுமார் 32 ஆயிரமாகச் சுருங்கி விட்டன. திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், ஊருக்கே பூட்டு விற்றுவிட்டு, அத்தனைக்கும் சாவி ஒரே மூட்டையில் கிடைக்கிற மாதிரி! 2007 ஏப்ரலில் டெபியன் 4.0 அந்தத் தவறோடு தான் வெளியானது. 2008 மே மாதம் தான் கண்டுபிடித்தார்கள். அந்த வெளியீட்டுக்கும் ஃப்ரீஸ் இருந்தது. கதவு சாத்தியிருந்தது, உள்ளே யாரும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

ஆக, ஃப்ரீஸ் என்பது அவகாசம். அந்த அவகாசத்தில் யாராவது பயன்படுத்திப் பார்த்தால் தான் அதற்கு அர்த்தம். தமிழ் பேசுபவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது தான்.

தமிழில் ஒரு வழு வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். "கொ" என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். ஒரு காலத்தில் லினக்ஸில் தமிழ் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. இந்த மாதிரி வழுவை யார் முதலில் பார்ப்பார்கள்? தமிழ் தட்டுபவர் தான். எப்போது பார்ப்பார்? பெரும்பாலும் வெளியீடு வந்து, நிறுவி, ஒரு மாதம் கழித்து! அதற்குள் எல்லாக் கதவும் சாத்தியாகி விட்டது. ஆங்கிலத்தில் இப்படி ஒரு வழு வந்தால் ஃப்ரீஸின் முதல் வாரமே ஆயிரம் பேர் கத்தியிருப்பார்கள். விதி எல்லோருக்கும் ஒன்று தான், ஆனால் தாமதமாக வருபவர்களை அது அதிகமாகத் தண்டிக்கிறது. டெபியன் 12 வந்தது 2023 ஜூன் 10-ல். 13 வந்தது 26 மாதம் கழித்து.

இதை விடப் பெரிய சிக்கல், அனுமதி தருபவருக்குத் தமிழ் தெரியாது. அவர் ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ உட்கார்ந்திருக்கலாம். "எழுத்து உடையுது, உடனே சரி பண்ணுங்க" என்று எழுதினால் அவருக்கு என்ன புரியும்? தமிழ் தெரியாதவரும் சரிபார்க்கும்படி வவுச்சர் இருக்க வேண்டும். இந்தச் சொல்லைத் தட்டினால் இந்தப் படம் மாதிரி தெரிய வேண்டும், இப்போது அந்தப் படம் மாதிரி தெரிகிறது, இந்த இரண்டு வரியை மாற்றினால் சரியாகிறது, மற்ற மொழிகளில் எதுவும் மாறவில்லை... இப்படி எழுதினால் மொழி தெரியாதவரும் கையெழுத்துப் போடத் துணிவார்.

இதெல்லாம் ஏதோ சில லினக்ஸ் பித்தர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் சேர்த்துத் தரப்பட்டது. பக்கத்துக் கேரளாவில் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸ் 22.04, உபுண்டு 22.04-ன் மேல் கட்டப்பட்டது. மேலே டெபியனிலோ உபுண்டுவிலோ வெளியீட்டு நாளன்று உள்ளே இருந்தது எதுவோ அது தான் கீழே பள்ளிக்கூடம் வரை இறங்கி வரும். வீட்டில் நெட் வசதி இல்லாத ஒரு பிளஸ் டூ மாணவிக்கு "அப்டேட் போட்டா சரியாயிடும்" என்பது பதிலே இல்லை. அவளுக்குக் கிடைத்த முதல் பதிப்பு தான் கடைசிப் பதிப்பும். அவசரத் திருத்தம் ஒன்று தப்பாகப் போனாலும் அவள் தலையில் தான், சரியான திருத்தம் ஒன்று கதவுக்கு வெளியே நின்று போனாலும் அவள் தலையில் தான்.

சிலர் வேறு மாதிரி வாதம் செய்வார்கள். "சிறுபான்மை மொழிகளுக்கு விதியைத் தளர்த்தட்டுமே, தமிழ் எழுத்துரு ஒன்றை மாற்றினால் யாருக்கு என்ன நஷ்டம்?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழை வரைந்து காட்டும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரலகம் தான் இந்தியையும் அரபியையும் வரைகிறது. தமிழுக்காக அவசரமாகத் திருத்தப் போய் அரபி உடைந்தால்? எழுத்துரு மட்டும் என்றாலும், சோதிக்காமல் தளர்த்திய கதவு வழியாக முதலில் உடைந்து வருவது தமிழாகவே இருக்கலாம். அதைக் கவனிக்க அங்கே ஆள் இல்லை என்பது தானே மூலப் பிரச்சினை! சலுகை கேட்பதை விட ஆள் அனுப்புவது மேல்.

ஃப்ரீஸால் தமிழுக்கு ஒரு நன்மையும் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. திரையில் தெரியும் வாசகங்களையும் ஒரு தேதிக்குப் பிறகு மாற்றக் கூடாது என்று உபுண்டு, க்னோம் போன்றவற்றில் விதி இருக்கிறது. அது இருப்பதால் தான் மொழிபெயர்ப்பவர்கள் ஓடுகிற பஸ்ஸைத் துரத்தாமல், நிற்கிற பஸ்ஸில் ஏற முடிகிறது. கடைசி நாளில் ஒருவர் "சின்னத் திருத்தம் தானே" என்று ஒரு வாசகத்தை மாற்றினால், முழுக்கத் தமிழில் இருக்கும் திரையில் அந்த ஒரு வரி மட்டும் ஆங்கிலத்தில் பல்லிளிக்கும்.

என்ன செய்யலாம்? பெரிய நிரலாக்கத் திறமை எல்லாம் வேண்டியதில்லை. உபுண்டு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருகிறது. சில வாரங்கள் முன்பே பீட்டா வந்து விடும். அதைப் பென்டிரைவில் போட்டு, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே, ஒரு மணி நேரம் தமிழில் வேலை செய்து பார்க்கலாம். தமிழ்99-ல் தட்டுங்கள், லிபர்ஆபீஸில் ஒரு பில் போடுங்கள், பிரிண்ட் எடுங்கள், பி.டி.எஃப். ஆக்குங்கள். உடைந்தால் படம் பிடித்து, வழுப் பட்டியலில் தேடி, இல்லையென்றால் பதியுங்கள். டெபியனுக்கு ஃப்ரீஸ் தொடங்கும் முதல் மாதமே டெஸ்டிங்கை ஒரு பழைய கணினியில் ஏற்றுங்கள். ஆத்தூர் வட்டாரத்திலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சுற்றிலும் எத்தனையோ கல்லூரி லேப்கள் இருக்கின்றன. ஒரு ஃப்ரீஸுக்கு பத்து மாணவர்கள் ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே தமிழுக்குப் பெரிய விஷயம்.

சீக்கிரம் பதிந்த வழுவுக்கு ஃப்ரீஸ் ஒரு தடையே இல்லை, கதவு திறந்திருக்கும்போதே உள்ளே போய்விடும். தாமதமாகப் பதிந்ததற்கும் வழி உண்டு, திருத்தம் சின்னதாகவும் ஆதாரம் தெளிவாகவும் இருந்தால். வவுச்சரை டிராயரில் வைத்துக் கொண்டு ஜூனில் வந்து ஆடிட்டரைத் திட்டுவதில் தான் பிரயோஜனம் இல்லை.