சிறகற்ற ஈயும் தேசத்தின் கடனும்

ஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டு ஈயையும் புழுவையும் ஆராய்வதால் தேசத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். கேட்பது அவர்களுடைய உரிமை. அதை நாம் குறைகூறோம். ஆனால் அக்கேள்விக்குரிய விடையின் முதற்பாதி நமது தலைநகரிலேயே கிடைத்ததென்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

டில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். பி. சர்மா என்னும் விஞ்ஞானி, கனிந்த பழத்தில் மொய்க்கும் சிற்றீக்களிடையே ஒரு விசித்திரத்தைக் கண்டு 1973-ல் வெளியிட்டார். சில ஈக்கள் ஒரு சிறகோ இரு சிறகுகளுமோ இன்றிப் பிறந்தன. 1976-ல் அவரும் வி. எல். சோப்ராவும் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினர். பழுதுபட்ட ஜீனுக்கு, சிறகற்றது என்று பொருள்படும் 'விங்லெஸ்' என்ற பெயர் ஏற்பட்டது. ஈக்குச் சிறகில்லாவிட்டால் யாருக்கென்ன நஷ்டம் என்று அன்று ஒருவர் நகைத்திருந்தால், அவருக்கு மறுமொழி கூற எவராலும் இயன்றிராது.

மறுமொழி வேறு திசையிலிருந்து வந்தது. வைரஸினால் தூண்டப்பட்டு எலிகளின் மார்பில் புற்றுநோயை விளைவிக்கும் ஒரு ஜீனை, 1982-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ரோயல் நூஸ், ஹெரால்டு வார்மஸ் ஆகிய இருவரும் கண்டு 'இன்ட்' என்று பெயரிட்டனர். 1987-ல் எலியின் அந்த ஜீனும் டில்லி ஈயின் ஜீனும் ஒரே மூலத்தின் கிளைகளென்பது வெளியாயிற்று. இரு பெயர்களையும் பிணைத்து 'விண்ட்' என்று வழங்கலாயினர். ஈயின் குலமும் மனிதனின் குலமும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும், இயற்கை இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை.

விண்ட் என்பது ஓர் உயிரணு தன் அண்டை அணுவுக்கு விடுக்கும் ஓலை போன்ற புரதம். ஓலை வராத காலத்தில், ஆக்ஸின், ஏ.பி.ஸி. முதலிய புரதங்கள் ஒன்றுகூடி, பீட்டா கேட்டனின் என்னும் புரதத்தைப் பிடித்து, முத்திரையிட்டு, அழிவுக்கு அனுப்பிவிடுகின்றன. ஓலை வந்ததும் இக்கூட்டத்தின் கை கட்டுண்டுவிடுகிறது. பீட்டா கேட்டனின் அணுவின் உட்கருவிற் புகுந்து வளர்ச்சிக்குரிய ஜீன்களைத் தூண்டுகிறது. கருவிலுள்ள சிசுவின் அங்கங்கள் இத்தகைய உத்தரவுகளாலேயே அமைகின்றன. ஏ.பி.ஸி. பழுதுபட்டாலோ, ஓலையின்றியே உத்தரவு நிறைவேறும். அணுக்கள் வரம்பின்றிப் பெருகும். பெருங்குடற் புற்றுநோய்களிற் பெரும்பாலானவற்றில் இப்பழுது காணப்படுகிறது.

சில குடும்பங்களில் இது பரம்பரையாகவே இறங்குகிறது. இளம் பிராயத்திலேயே குடலில் நூற்றுக்கணக்கான சிறு கட்டிகள் முளைக்கின்றன; சிகிச்சை செய்யாவிடில் 40 வயதையொட்டிப் புற்றுநோய் ஏறக்குறைய நிச்சயம். 1991-ல் ஏ.பி.ஸி. ஜீன் கண்டுபிடிக்கப்படும்வரை அவ்வீட்டுக் குழந்தைகள் அனைவரையும் அச்சம் சூழ்ந்திருந்தது. குடும்பத்தின் பழுது இன்னதென்று தெரிந்தால், எக்குழந்தைக்கு அபாயம், எக்குழந்தைக்கு இல்லை என்பதை இன்று ஒரு ரத்தப் பரிசோதனை கூறிவிடும். அபாயமுள்ளவரை உரிய காலத்தில் சஸ்திர சிகிச்சையால் காப்பாற்றலாம். ஈயால் என்ன பயன் என்று இக்குழந்தைகளின் தாய்மாரைக் கேட்பாராக!

ஒவ்வோர் ஈயும் மருந்தாகுமென்று நாம் சொல்லவில்லை. எது பயன்படுமென்று முன்கூட்டி அறிவார் எவருமிலர் என்றே சொல்லுகிறோம். விதை நம்முடையதாயிருக்க, விளைச்சலின் பெரும்பகுதியைப் பிறர் அறுத்தனர். அவர்கள்மீது நமக்குப் பொறாமையில்லை. ஞானத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆயினும் விதைத்த நிலத்துக்கு நீர் பாய்ச்சாதிருப்பது யார் குற்றம்?

2020-21-ல் நமது தேசம் மொத்த உற்பத்தியில் 100-க்கு 0.64 பங்கையே ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. தென் கொரியா 4 பங்குக்கு மேல் செலவிட்டது. 2023-ல் பார்லிமெண்டு தேசிய ஆராய்ச்சி நிதியத்துக்கென ஒரு சட்டம் இயற்றியதை வரவேற்கிறோம். ஆனால் சட்டம் மட்டும் ஆராய்ச்சி செய்யாது. உடனடிப் பலன் காட்டுவோருக்கே பணம் என்னும் வியாபார நோக்கைச் சர்க்கார் விட்டொழிக்க வேண்டும். சர்வகலாசாலைகளுக்கும் உரிய பங்கு கிட்ட வேண்டும். ஆராய்ச்சி மாணாக்கரின் உபகாரச் சம்பளம் மாதந்தவறாது சேர வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது பொதுஜனங்களின் கடமை. சிறகற்ற ஈயைக் கண்டு நகையாது, ஏன் என்று கேட்டவரால் உலகம் பயனடைந்தது. அத்தகையோரை ஆதரிக்கும் தேசமே முன்னேறும்.