எந்திரனுக்கு நாம் அளித்த சாட்சியம்

ஏக இறைவனின் திருப்பெயரால்...

 

கடந்த 01-10-2010 வெள்ளிக்கிழமையன்று 'எந்திரன்' திரைப்படம் வெளியானது. ரமளான் நம்மிடமிருந்து விடைபெற்று ஏறத்தாழ மூன்று வாரங்களே ஆகியிருந்தன. அதற்கு முந்தைய நாள்தான் பாபரி மஸ்ஜித் நிலத்தை மூன்றாகப் பங்கிட்டு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றி நம்மவர்கள் கவலையோடு பேசிக்கொண்டிருப்பார்கள் என எண்ணிப் பள்ளிவாசல் வாயிலில் நின்றால், காதில் விழுந்த பேச்சு வேறாக இருந்தது. "முதல் பாதி அருமை, இரண்டாம் பாதிதான் கொஞ்சம் நீளம்." "கிராஃபிக்ஸ் ஹாலிவுட்டுக்குச் சமம்." "குடும்பத்தோடு தாராளமாகப் பார்க்கலாம்."

திரைப்படம் கூடுமா, கூடாதா என்ற மார்க்கச் சட்டத்தை விளக்க நான் இக்கட்டுரையை எழுதவில்லை. அதை ஆலிம்கள் மிம்பர்களில் பலமுறை சொல்லிவிட்டார்கள். நீங்களும் பலமுறை கேட்டுவிட்டீர்கள். கேட்ட பின்னும் சென்றீர்கள். சென்று திரும்பிய பின் நீங்கள் கூறிய கருத்துகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

"படத்தையே பார்க்காத ஹஜ்ரத் எப்படி இதைப் பற்றி எழுதலாம்?" எனக் கேட்பீர்கள். ஆம், நான் பார்க்கவில்லை. ஆயினும் கதை முழுவதையும் அறிவேன். மக்தபில் என்னிடம் ஓதும் பிள்ளைகளே அதை எனக்குச் சொன்னார்கள். ஸூரத்துல் முல்க்கின் 30 வசனங்களை மனனம் செய்ய இரண்டு மாதங்களாகத் திணறும் ஒன்பது வயது மாணவன் ஒருவன், ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் அப்படத்தை ஒரு காட்சியும் விடாமல் வரிசைப்படி ஒப்புவித்தான். அவனுக்கு நினைவாற்றல் இல்லை என்று இனி அவனுடைய வாப்பா என்னிடம் வந்து சொல்ல முடியாது. மேலும், நான் படத்தை விமர்சிக்க வரவில்லை. அதைப் பற்றி நீங்கள் சொன்னதை விமர்சிக்கிறேன். அதை என் காதுகளால் கேட்டேன்.

கருத்தும் சாட்சியமும்

திரையரங்கின் வாயிலில் ஒலிவாங்கியை நீட்டி, "படம் எப்படி?" எனக் கேட்கிறார்கள். "சூப்பர்" என ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது. நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் படத்தைத் தயாரித்தது சன் குழுமம். அதை இரவும் பகலும் விளம்பரம் செய்ததும் அதே குழுமத்தின் தொலைக்காட்சிகள். கேட்பவருக்கு அந்த ஒற்றைச் சொல்லே போதுமானது. அதற்கு மேல் நீங்கள் சிந்திப்பதில் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை.

முஸ்லிமுக்கோ அது போதுமானதன்று. செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றைக் குறித்தும் மனிதன் விசாரிக்கப்படுவான் என்பது திருக்குர்ஆன் (17:36) நமக்குக் கற்பித்த செய்தி. கண் கண்டது, செவி கேட்டது, உள்ளம் அதை ரசித்தது, நாவு அதைப் புகழ்ந்தது. இவை யாவும் பதிவாகின்றன. நாம் 'கருத்து' என இலேசாகச் சொல்வது மறுமையின் தராசில் சாட்சியமாக நிற்கும். இந்த அளவுகோலை வைத்தே நம்மவர்களின் கருத்துகள் சிலவற்றைப் பார்ப்போம்.

"கடவுள் இருக்கிறார் எனப் படமே சொல்கிறதே!"

மார்க்கப் பற்றுள்ளவர்களே பெருமையோடு எடுத்துச் சொல்லும் காட்சி இது. கடவுள் இருக்கிறாரா என அந்த இயந்திரத்திடம் ஒருவர் கேட்கிறார். கடவுள் என்றால் யார் என அது திருப்பிக் கேட்கிறது. நம்மைப் படைத்தவர் என்று விடை கிடைத்ததும், தன்னைப் படைத்தவர் வசீகரன், ஆகவே கடவுள் இருக்கிறார் என்கிறது. அரங்கம் கைதட்டுகிறது. "நாத்திகர்களுக்குச் சரியான பதிலடி ஹஜ்ரத்! இதைத் தஃவாவுக்குப் பயன்படுத்தலாம்" என ஒரு சகோதரர் என்னிடமே கூறினார்.

சகோதரரே, நிதானமாகச் சிந்தியுங்கள். இரும்பும் கம்பியும் மின்சாரமும் ஏற்கெனவே இருந்தன. அவற்றைத் தேடி எடுத்துப் பொருத்தியவர் வசீகரன். இதைத் தமிழில் 'செய்தல்' என்கிறோம். தச்சன் கட்டில் செய்கிறான், குயவன் பானை வனைகிறான், கொல்லன் அரிவாள் அடிக்கிறான். இவர்களில் எவரையும் நம் முன்னோர் படைத்தவன் என அழைத்ததில்லை. இல்லாமையிலிருந்து உண்டாக்குபவனுக்கு உரிய சொல்லை, இருப்பதை இணைப்பவனுக்கு வழங்கிவிட்டு, அதையே இறைவன் இருப்பதற்கான ஆதாரம் என்பது தவ்ஹீதுக்குச் செய்யும் உதவியா, இழைக்கும் அநீதியா?

அந்தப் 'படைப்பாளி' எத்தகையவர் என்பதையும் கதையிலேயே பாருங்கள். தாம் செய்த பொருளின் உள்ளத்தில் என்ன ஓடுகிறது என்பதை அவர் அறியவில்லை. கோபம் வந்ததும் அதை வெட்டிக் குப்பைமேட்டில் எறியச் செய்கிறார். எறிந்ததை வேறொருவர் எடுத்துத் தீமைக்குப் பயன்படுத்துவதையும் அவர் அறியவில்லை. இறுதியில், தாம் செய்த பொருளின் குற்றங்களுக்காகவே நீதிமன்றத்தில் குற்றவாளியாக நிற்கிறார். அர்ரஹ்மானாகிய ரப்புக்கு இவரா உவமை?

ஸூரத்துல் ஹஜ்ஜின் 73-ஆம் வசனத்தில் அல்லாஹ் ஓர் ஈயை உதாரணம் காட்டுகிறான். அல்லாஹ்வையன்றி மனிதர்கள் அழைப்பவை அனைத்தும் ஒன்றுதிரண்டாலும் ஓர் ஈயைப் படைக்க இயலாது. அந்த ஈ எதையேனும் பறித்துச் சென்றால் அதை மீட்கவும் இயலாது என்பது அதன் கருத்து. இப்படத்தில் இயந்திரம் தன்னைச் செய்தவரின் மணப்பெண்ணையே பறித்துச் செல்கிறது. அவளை மீட்க அவர் படாத பாடு படுகிறார். ஈயின் உவமைக்கு விளக்கவுரையாக அமைந்துவிட்ட இக்காட்சியை நம்மவர்களில் ஒருவரும் குறிப்பிடவில்லை. இங்கே தஃவாவுக்கான வாயில் திறந்திருந்தது. நீங்களோ கைதட்டல் கேட்ட திசையில் போய்விட்டீர்கள்.

ஒரு பெண் இறந்தாள். நீங்கள் "நீளம்" என்றீர்கள்

அடுக்குக் குடியிருப்பில் தீப்பிடிக்கிறது. இயந்திரம் பலரைக் காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணை ஆடையின்றி, கூட்டத்தின் நடுவே, தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னே தூக்கி வருகிறது. அவமானம் தாங்காமல் ஓடும் அப்பெண் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள்.

"அந்தக் காட்சி இல்லாவிட்டால் படம் இன்னும் வேகமாக இருந்திருக்கும்" என்பது ஒரு தந்தையின் கருத்து. அவர் தம் பருவமடைந்த மகளை அருகில் அமர்த்திக்கொண்டு அதைப் பார்த்துவிட்டு வந்தவர்.

ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். அப்பெண் செய்தது சரியென நான் சொல்லவில்லை. தீயிலிருந்து உயிரைக் காப்பது நிர்ப்பந்தம். அந்நிலையில் மேனி வெளிப்பட்டதற்காக அவள் மீது எந்தக் குற்றமும் இல்லை. அதற்காக அவள் உயிரை இழந்திருக்கத் தேவையுமில்லை. குற்றம் கேமராவைத் திருப்பாதவர்கள் மீதும், போர்வை எறியாதவர்கள் மீதும், கண்களைத் தாழ்த்தாதவர்கள் மீதுமே இருக்கிறது. பார்வையைத் தாழ்த்துமாறு திருக்குர்ஆன் (24:30) முதலில் கட்டளையிடுவது ஆண்களுக்கே என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மேனியை மூட வேண்டும் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அதற்கு ஹயா கிடையாது. வெட்கம் ஈமானின் ஒரு கிளை என நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துத் தந்தார்கள். அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு அது தெரியும். அறியாத இயந்திரம் தூக்கி வந்தது. அறிந்த மனிதர்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அக்காட்சி நம்மிடம் கேட்ட கேள்விக்கு, 'வேகம் குறைகிறது' என்பதா ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பதில்?

யாருக்குக் கைதட்டினோம்?

எல்லோரும் ஒருமித்துப் புகழ்வது, சிவப்புச் சில்லு பொருத்தப்பட்டு இயந்திரம் கொடியதாக மாறிய பகுதியைத்தான். தன்னைப் போன்ற நகல்களுக்கிடையே மறைந்திருக்கும் வசீகரனைத் தேடிவந்து, ஆட்டைப் போலக் கத்தி ஏளனம் செய்யும் காட்சிக்கு அரங்கில் விசில் பறந்ததாம். அக்கத்தலை இப்போது மக்தபில் கேட்கிறேன். தஜ்வீத் பாடத்தில் ஒரு சிறுவன் தடுமாறினால் மற்றவன் அவனைப் பார்த்து அவ்வாறு கத்துகிறான்.

அந்த இயந்திரம் யார்? எண்ணற்றோரைக் கொன்றது, பிறருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைக் கவர்ந்து சென்று அடைத்து வைத்தது. அதன் தோரணையைத்தான் நம் பிள்ளைகள் பின்பற்றுகிறார்கள். "நடிப்புதானே ஹஜ்ரத், பிள்ளைகளுக்குத் தெரியாதா?" என்கிறீர்கள். பிள்ளை நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிவது தாய் தந்தையின் முகத்தைப் பார்த்துத்தான். வாப்பா எந்த இடத்தில் சிரித்தார், உம்மா எந்த இடத்தில் கண் கலங்கினார் என்பதே அதற்குப் பாடம். கொடியவன் வந்தபோது நீங்கள் மகிழ்ந்ததை அருகில் அமர்ந்திருந்த பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

இதே புகழ்ச்சி வெளியே இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நடிகரின் கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் நடந்தது. அதை நாம் செய்யவில்லை, உண்மைதான். ஆனால் வெள்ளிக்கிழமை பகல் காட்சிக்காக ஜும்ஆ நேரத்தில் வரிசையில் நின்றவர்கள் யார் யார் என்பதை அந்தந்த மஹல்லா அறியும்.

"அறிவியல் படம், அறிவு வளரும்"

படித்த பெற்றோர் சொல்லும் நியாயம் இது. இஸ்லாம் இயந்திரத்துக்குப் பகையன்று. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் மூவர் நுட்பமான பொறிகளைப் பற்றி நூல் எழுதினார்கள். அதன் பின்னர், இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்கிரில் அர்துகிய அரசர்களிடம் பணிபுரிந்த அல்ஜஸரீ, 1206-இல் தம் பொறியியல் நூலை நிறைவு செய்தார். யானைக் கடிகாரமும், கை கழுவுபவருக்குத் துண்டு நீட்டும் பணியாள் பொறியும் அதில் உள்ளன. உருவம் அமைப்பது பற்றிய ஃபிக்ஹ் சட்டம் தனியே பேசப்பட வேண்டியது. தானே இயங்கும் பொறி முஸ்லிம்களுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அல்ஜஸரீயின் பெயர் தெரியும்? பற்சக்கரம் எவ்வாறு சுழல்கிறது, மின்கலம் எவ்வாறு மின்சாரம் தருகிறது என அப்படத்தைப் பார்த்த எந்தப் பிள்ளையாவது வீட்டில் கேட்டதா? கேட்டிருந்தால் அறிவு வளர்ந்தது என ஒப்புக்கொள்கிறேன்.

அப்படத்தில் உண்மையான அறிவுக்கு இடமளித்த பகுதி ஒன்று உண்டு. நீதிமன்றக் காட்சி அது. குற்றம் புரிந்தது இயந்திரம், தண்டனை யாருக்கு? செய்தவருக்கா, சில்லைப் பொருத்தியவருக்கா, இரும்புக்கா? வானங்களும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் சுமந்துகொண்டான் எனத் திருக்குர்ஆன் (33:72) கூறுகிறது. இயந்திரத்துக்கு அந்தச் சுமை இல்லை. ஆகவே அதற்கு நன்மையுமில்லை, பாவமுமில்லை. அதை இயக்கும் கைக்கே கேள்வி உண்டு. நாளை நம் பிள்ளைகள் பொறியாளர்களாகி இதனினும் வலிமையான இயந்திரங்களைச் செய்யக்கூடும். அன்று அவர்களுக்கு உதவப்போவது இந்தப் பாடம். ஆனால் அக்காட்சி வருவதற்குள் பலர் வாகன நிறுத்துமிடத்துக்குக் கிளம்பிவிட்டார்களாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

சென்றவர்கள் சென்றுவிட்டீர்கள். பிள்ளைகளின் மனத்தில் பதிந்ததை "ஹராம்" என்ற ஒரு சொல்லால் அழித்துவிட முடியாது. "பொழுதுபோக்கு" என்ற ஒரு சொல்லால் மூடி வைக்கவும் முடியாது. இன்றிரவு உணவுக்கு அமரும்போது அவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். செய்தவனுக்கும் படைத்தவனுக்கும் என்ன வேறுபாடு? அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தபோது சுற்றி நின்றவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? ஆட்டைப் போலக் கத்தியவன் நல்லவனா, கெட்டவனா. பிறகு ஏன் நாம் கைதட்டினோம்?

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை உங்கள் முகத்தையே பார்க்கும். அப்போது நீங்கள் சொல்லும் பதிலே அப்படத்தைப் பற்றிய உங்கள் உண்மையான கருத்து. அதற்கு முன் அரங்கின் வாயிலில் சொன்னதை அல்லாஹ் மன்னிக்கப் போதுமானவன்.

நம் செவிகளையும் பார்வைகளையும் உள்ளங்களையும் வல்ல ரஹ்மான் பாதுகாப்பானாக! நம் சந்ததியினரை ஹயாவும் தெளிவான ஈமானும் உடையவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.