கிட்டார் விமர்சனக் காணொளிகள்: புக்கிட் செலம்பாவ்வில் இருந்து பார்த்தால் எதை நம்பலாம்?

புக்கிட் செலம்பாவ்வில் இருந்து ஒரு கிட்டார் வாங்கக் கிளம்பினால் வழி இரண்டுதான். ஒன்று, சுங்கை பட்டாணிக்கோ பினாங்குக்கோ போய், கடையில் இருப்பதை எடுத்து வாசித்துப் பார்ப்பது. இன்னொன்று, ஷோப்பியிலோ லசாடாவிலோ ஆர்டர் போடுவது. கடைக்குப் போனால் அங்கே மாட்டி வைத்திருக்கும் சில மாடல்களோடு சரி. இணையத்தில் எல்லாமே இருக்கு, ஆனா எதையும் தொட முடியாது. தொட முடியாத அந்தக் குறையைத்தான் யூடியூப் விமர்சகர்கள் தீர்த்து வைக்கிறார்கள், அல்லது தீர்ப்பதாகச் சொல்கிறார்கள்.

அப்பா காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. கிட்டார் என்றாலே கப்போக். சீனாவில் இருந்து வந்த அந்த மலிவு பிராண்டின் பெயர், மலாய் பேச்சில் சாதாரண கிட்டாருக்கே பொதுப்பெயராகி 'கித்தார் கப்போக்' என்று நிலைத்துவிட்டது. தோட்டத்தில் ஒரு வீட்டில் ஒன்று இருந்தால் போதும், நாலு பேர் அதில் கற்றுக்கொள்வார்கள். இன்று வேலைக்குப் போகத் தொடங்கிய ஒரு பையனோ பொண்ணோ முதல் சம்பளங்களைச் சேர்த்து வைத்து மின்கிட்டார் தேடுகிறார்கள். 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஓரளவு நல்ல மின்கிட்டார், ஒரு சின்ன ஆம்ப், கேபிள், பை எல்லாம் சேர்த்தால் அந்தத் தொகை அப்படியே போய்விடும். தப்பாக வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க இன்னும் ஒரு வருஷம் ஆகலாம்.

அதனால்தான் கிட்டார் வாசிக்கிறவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் சூடு பறக்கிறது. 'எல்லாரும் காசு வாங்கிட்டுப் பேசுறவங்க' என்பது ஒரு கட்சி. 'அவங்க இல்லேன்னா நமக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது' என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நம்ம ஊர் வாங்குபவருக்கு வருகிற நட்டம் பெரும்பாலும் பொய்யால் வருவதில்லை. விமர்சகர் பேசாமல் விடும் விஷயங்களாலும், வேறொரு ஊருக்காகச் சொல்லப்பட்ட உண்மைகளாலும்தான் வருகிறது.

யார் செலவில் படம் ஓடுது?

பிரபலமான சேனல்களில் கணிசமானவை கடைக்காரர்களுடையவை. இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இருக்கும் ஆண்டர்டன்ஸ் கடையின் காணொளிகளை உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். அவற்றில் லீ ஆண்டர்டனோடு பல வருஷம் சேர்ந்து வந்த ராப் சாப்மனுக்குச் சொந்தமாகவே ஒரு கிட்டார் பிராண்ட் உண்டு. அமெரிக்காவின் ஸ்வீட்வாட்டர் ஒரு கடை. ஜெர்மனியின் தோமன் ஒரு கடை, ஹார்லி பென்டன் அவர்களுடைய சொந்த பிராண்ட். எதுவும் ஒளிவுமறைவு இல்லை. இவர்களுக்கு விஷயமும் தெரியும். ஆனால் கடைக்காரர் வாயில் இருந்து 'இதை வாங்காதீங்க' வராது. 'இந்த விலைக்கு இது பரவாயில்லை' என்பதுதான் அங்கே கடுமையான விமர்சனம்.

தனியாக இயங்கும் விமர்சகர்களுக்கு நிறுவனங்கள் கருவியை இரவலாகவோ இலவசமாகவோ அனுப்புகின்றன. காணொளிக்குக் கீழே இணைப்பு இருக்கும். அதை அழுத்தி நீங்கள் வாங்கினால் அவருக்குக் கமிஷன். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தக் கிட்டாரை விட்டு வேறு எதை வாங்கினாலும் பெரும்பாலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆக, ஒரு குறிப்பிட்ட பிராண்டைத் தூக்கிப்பிடிக்க வேண்டிய கட்டாயம்கூட அவருக்கு இல்லை. நீங்கள் எதையாவது வாங்கினால் போதும். 'உங்ககிட்ட இருக்கிறதே போதும், புதுக் கம்பி மாத்தி வாசிங்க' என்று சொல்லும் காணொளிகள் ஏன் அரிது என்பதற்கு இதுதான் காரணம். மோசமான கிட்டாரைப் புகழ்வதும் அவ்வளவாக நடப்பதில்லை. அது காணொளியாகவே வராமல் போய்விடும்.

ஒரு குரங்கும் ஒரு குதிரையும்

விமர்சகர் நேர்மையாக இருந்தும் விளைவு தலைகீழாகப் போன கதை ஒன்று உண்டு. ஜேஎச்எஸ் என்ற எஃபெக்ட்ஸ் பெடல் நிறுவனத்தை நடத்தும் ஜாஷ் ஸ்காட், மற்றவர்களின் பெடல்களைப் பற்றியும் காணொளி போடுகிறவர். 2023-ல் டிஜிடெக் நிறுவனம் எப்போதோ தயாரிப்பை நிறுத்திவிட்ட பேட் மங்கி என்ற மலிவான பெடலை எடுத்துக்கொண்டார். பழைய சந்தையில் சில பத்து டாலருக்குக் கிடைத்த பொருள் அது. ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கும் க்ளான் சென்டார் உட்பட விலையுயர்ந்த பெடல்களுக்குப் பக்கத்தில் வைத்து, குமிழ்களைச் சரியாகத் திருப்பினால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று வாசித்தே காட்டினார்.

'விலையைப் பார்த்து ஏமாறாதீங்க' என்பதுதான் அவர் சொல்ல வந்தது. பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? உடனே போய் பேட் மங்கியைத் தேடி வாங்கினார்கள். சில நாட்களில் அதன் விலை நூற்றுக்கணக்கான டாலருக்கு எகிறியது. மலிவுக்கு உதாரணமாகக் காட்டிய பொருள் மலிவாக இல்லாமல் போனது. இதில் பொய் சொன்னவர் யாரும் இல்லை.

நாஷ்வில் கிட்டார் கலைஞர் ஜிம் லில் செய்தது இன்னும் துணிச்சலான சோதனை. கிட்டார் உடலே இல்லாமல், இரண்டு மேசைகளுக்கு நடுவே கம்பிகளை இழுத்துக் கட்டி, பிக்கப்பைப் பொருத்தி வாசித்தார். உண்மையான மின்கிட்டாரின் ஒலிக்கு அது அதிசயிக்கும் அளவு நெருக்கமாக இருந்தது. மின்கிட்டாரின் மர வகையைப் பற்றிப் பத்து நிமிடம் உருகும் காணொளிகளைப் பார்க்கும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். ரஹ்மான் பாட்டில் கெபா ஜெரமையா வாசித்த அந்தச் சத்தம் வேணும் என்று கிட்டார் தேடுபவர்களும்தான். விரல், பிக்கப், ஆம்ப், ஒலிப்பதிவுக்கூடம் எல்லாம் சேர்ந்த சத்தம் அது.

நம்ம காற்று வேற

இனி நமக்கு உண்மையாகவே காசு போகும் இடத்துக்கு வருவோம். மரக் கிட்டார்களுக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம்தான் நல்லது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். மலேசியாவில் மாதச் சராசரியே பொதுவாக 70 முதல் 90 விழுக்காடு. கெடாவில் ஆண்டுத் தொடக்கத்தில் கொஞ்சம் காயும், பிறகு மறுபடி ஈரம்.

அமெரிக்க விமர்சகரின் பயம் நேர் எதிரானது. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டு மரம் சுருங்கி வெடிக்கும். அதனால் கிட்டாருக்குள் ஈரம் கொடுக்கும் சாதனத்தை வைக்கச் சொல்கிறார். அது அவர் ஊருக்குச் சரியான அறிவுரை. அதையே கேட்டு, மின்விசிறி மட்டும் சுற்றும் நம் வீட்டில், ஏற்கனவே ஈரம் குடித்த கிட்டாருக்குள் இன்னும் ஈரத்தை வைத்தால்? மேல்பலகை உப்பும், கம்பிகள் ஃப்ரெட்போர்டை விட்டு உயரும், விரல் வலிக்கும். புதுசாகக் கற்கிறவர் 'எனக்கு வரலை' என்று கிட்டாரை மூலையில் சாத்திவிடுவார். நமக்குத் தேவை ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் மூடி வைக்க ஒரு பையும்.

சாலிட் டாப் விவகாரமும் இப்படித்தான். மேல்பலகை ஒரே மரமாக இருந்தால் உயர்வு, அடுக்கி ஒட்டிய லேமினேட் என்றால் தாழ்வு என்று கிட்டத்தட்ட எல்லா விமர்சகரும் சொல்கிறார்கள். ஒலியைப் பொறுத்தவரை நியாயம்தான். ஆனால் ஈரம் ஏறி இறங்கும்போது லேமினேட் அவ்வளவாக அசையாது. குளிர்சாதனம் இல்லாத வீட்டில், முதல் கிட்டாருக்கு, அது ஒரு வசதி என்பது என் கருத்து. யமஹா எஃப்310 இந்தப் பக்கம் இத்தனை வருஷமாக ஆசிரியர்கள் கைகாட்டும் கிட்டாராக இருப்பதில் இதற்கும் பங்கு இருக்கும். பழைய மாடல் என்பதால் அதைப் பற்றிப் புதுக் காணொளி எடுக்க யாருக்கும் அவசரம் இல்லை.

இன்னொன்று, காணொளியில் பார்க்கும் கிட்டாரும் உங்கள் வீட்டுக்கு வரும் கிட்டாரும் ஒன்றல்ல. ஸ்வீட்வாட்டர் போன்ற கடைகள் பல கிட்டார்களை அனுப்பும் முன் 55 அம்சங்களைச் சரிபார்ப்பதாகச் சொல்கின்றன. நமக்கு வருவது கப்பலில், கிடங்கில், லாரியில் கிடந்த பெட்டி. செட்டப் செய்யக் கொடுக்கும் காசையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போடணும். (இடையில் ஒன்று: 'இந்தோனேசியாவில் செய்தது, ஆனாலும் நல்லா இருக்கே!' என்று வெள்ளைக்கார விமர்சகர்கள் வியப்பதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. கோர்ட்டின் இந்தோனேசியத் தொழிற்சாலையில்தான் பிஆர்எஸ் எஸ்இ வரிசை மின்கிட்டார்களும் தயாராகின்றன. நமக்கு அது பக்கத்து வீடு.)

சட்டம் என்ன சொல்லுது?

இலவசமாகப் பொருள் வாங்கி எழுதுவோர் அதைச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டரசு வாணிப ஆணையம் 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டது. போலி விமர்சனங்களுக்கு அபராதம் விதிக்கும் விதி 2024-ல் வந்தது. இங்கே, 2022-ல் திருத்தப்பட்ட மலேசியத் தொடர்பு, பல்லூடக உள்ளடக்க நெறி, கட்டணம் பெற்று விளம்பரம் செய்யும் இணையப் பிரபலங்கள் அது விளம்பரம் என்பதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறது. ஆனால் அது அடிப்படையில் சுயக்கட்டுப்பாட்டு நெறி. நாஷ்வில்லில் இருந்து பேசுபவரை அது எட்டாது. பிடிக்காததைப் பற்றிப் பேசாமல் விடுவதையோ எந்த நாட்டுச் சட்டமும் தடுப்பதில்லை.

ஆகவே விமர்சகரைத் துரத்துவதைவிட விற்பனையாளரைப் பிடிப்பது நடைமுறைக்கு உகந்தது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்துப்போக வேண்டும், ஏற்கத்தக்க தரத்திலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் இந்த வழி கடினம். அதனால் ஆர்டர் போடும் முன்பே கடை மலேசியாவில் இருக்கிறதா என்று பாருங்க. கழுத்து வளைந்திருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று சாட்டில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. பெட்டி வந்ததும் பிரிப்பதில் இருந்து ஒரே காணொளியாகப் பிடிங்க. அந்தக் காணொளிக்கு ஒரு லைக்கூட வராது, ஆனா நடுவர் மன்றத்தில் அதைத்தான் கேட்பாங்க.